மூன்றாம் பத்தி

வெள்ளியங்காட்டு ரோட்டில், காரமடைக்கு மேற்கே,
ராயண்ணன் செல்லண்ணன் நாற்றுப்பண்ணை.
அறுபத்து நாலாம் வருஷம் ஆவணிக் கடைசியில்
அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்டார்கள்.
கணக்கெழுதப் போனவன் நான்.
தாளின் தலையில் பிள்ளையார் சுழி,
நடுவில் ஒரு கோடு, இரண்டு பத்தி.

மண்சட்டியெல்லாம் சிறுமுகை நஞ்சய்யன் சூளை.
அடியில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை.
சுண்டினால் கணீரென்பது முழுச்சட்டி,
சொத்தென்பது கழிவு.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டையும் சுண்டினேன்.
நகம் கருத்துப்போயிற்று.

பூவாளி ஏழு,
மண்ணெண்ணெய்த் தகரம் வெட்டி ஈயம் வைத்தவை.
மூன்றுக்கு மூக்கில்லை.
மூக்கில்லாதது யாருக்கு என்று
அரை நாள் பேச்சு.
பாக்கு நாற்றுக்கு முடைந்த ஓலைக்கொட்டான்
வண்டிக்கு ஒன்றாக ரெண்டு வண்டி.
கடலைப் புண்ணாக்கில் எலி கணக்குக் காட்டவில்லை.
வேப்பம் புண்ணாக்கு மட்டும்
மூட்டைக்கு மூட்டை சரியாக இருந்தது.

ஒட்டுக்கத்தி ஒன்றே ஒன்று,
எலும்புப் பிடி, மூக்குக் கண்ணாடி போல உறை.
அண்ணனுக்கு என்று எழுதியதும்
தம்பி சாணைக்கல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அப்புறம் மாமரத்துக்கு வந்தோம்.

கிழக்கு வேலியோரத்துத் தாய்மரம், மல்கோவா.
சுற்றிலும் மூங்கில் பரண்,
பரண்மேல் நூற்று நாற்பது சட்டி.
சட்டிக்குள் கொட்டைக்கன்று.
கன்றின் தண்டையும் மரத்தின் கிளையையும்
பக்கம் பக்கமாகச் சீவி
முகத்தோடு முகம் வைத்துக் கட்டியிருந்தது.
கட்டி முப்பத்தெட்டு நாள்.
பிடிக்கத் தொண்ணூறு நாள் வேண்டும்.

மரம் அண்ணன் பத்தியில்,
சட்டி தம்பி பத்தியில்.

"அறுத்து எடுத்துக்கறேன்" என்றான் தம்பி.
"அறு. என்ற மரத்துக்கு ஒண்ணும் ஆவாது.
உன்ற கன்னுதான் சாவும்" என்றார் அண்ணன்.
சொன்னவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
அந்தச் சீவல் ஒவ்வொன்றும்
அவர் கை சீவியது.

ஏணியில் இருந்தாள் அங்காத்தாள்.
காலையும் மாலையும் கலயத்தில் ஏற்றி
சட்டி சட்டியாய் நீர் வார்ப்பவள்.
நாங்கள் பேசிய நேரமெல்லாம்
இறங்கவே இல்லை.

"ஏனுங் கணக்குப்பிள்ளை,
இந்தக் கட்டெல்லாம் ஆரு பேருல எழுதறீங்?"

"எந்தக் கட்டு?"

"மெழுகும் குங்கிலியமும் காச்சி
முக்கிக் கட்டுன துணிங். அது என்ற சீலை.
வாழைநார் தீந்த அன்னிக்குக் கிழிச்சுக் குடுத்தேன்.
புதுசு வாங்கித் தாறமின்னாங்.
ஆருன்னு கேட்டா
ரெண்டு பேரும் அடுத்தவிகளைக் கையக் காட்டறாங்."

அண்ணாந்து பார்த்தேன்.
நூற்று நாற்பது முடிச்சு.
மெழுகுக்குள்ளே அங்கங்கே நீலக் கரை.
சுண்டினால் சத்தம் வருவதை மட்டுமே
அதுவரை எண்ணியிருந்தேன்.

"மரம் அவிகளுது, சட்டி இவிகளுது,
நடுவுல இருக்கறது என்றது.
அவுத்துக்கட்டுங்களா?"

"வேண்டாம்" என்றார்கள் இருவரும்.
அன்றைக்கு ஒத்துப்போனது
அந்த ஒரு சொல்தான்.

தாளின் ஓரத்தில் மூன்றாவதாக ஒரு கோடு போட்டேன்.
இடம் போதாமல் அவள் பெயர் ஒடிந்து
அங்கா ஒரு வரி, த்தாள் ஒரு வரி.
சீலை ஒன்றுக்கு ஒன்பதே கால் ரூபாய்.
தண்ணிக்கூலி, கட்டு அவிழ்க்கும் மட்டும்,
ஆளுக்குப் பாதி.

ஐப்பசிக் கடைசியில் அறுத்து இறக்கினோம்.
நூற்று இருபத்தாறு பிடித்திருந்தது.
பட்டுப்போன பதினாலைச் சீவல் தப்பு என்றான் தம்பி,
சட்டி தப்பு என்றார் அண்ணன்.
நான் எந்தப் பத்தியிலும் எழுதவில்லை.

அங்காத்தாள் கீழே குந்தி
அவிழ்த்த துணியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்,
நூற்று நாற்பதும் எண்ணி.
"அதுக்குத்தான் காசு வாங்கியாச்சே" என்றேன்.

"காசு வாங்குனது சீலைக்குங். இது கந்தல்.
மழை நாள்ல வெறகு நமுத்துக் கெடக்குது.
மெழுகுத் துணி ஒண்ணு சொருகுனா
அடுப்பு சட்டுனு புடிக்குமுங்."